இடம் கொடுக்காத சுவர்

பல்லாவரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் உள்ள வீடுகளில் சமீப காலமாக ஒரு பொருள் குடியேறி வருகிறது. பீரோ மேலோ பரணிலோ, கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள், துப்பாக்கி வடிவத்தில் படுத்திருக்கும். ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் டிரில். முன்பெல்லாம் இது எலக்ட்ரீஷியன் பையிலும் தச்சர் பையிலும் மட்டும் இருந்த சாமான். கர்ட்டன் ராடு மாட்ட வேண்டுமென்றால் அவருக்கு போன் செய்வோம். "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளை, வருகிறபோது வரும். அந்தக் காத்திருப்பு அலுத்துப்போய்த்தான் பலரும் சொந்தமாக வாங்குகிறார்கள். யாரும் வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: பிடியைப் பற்றி விசையை அழுத்தும்போது கிடைக்கிற சின்ன சந்தோஷம். பால்டிமோரில் பிளாக், டெக்கர் என்ற இருவர் 1917இல் காப்புரிமை பெற்ற கை டிரில், கைத்துப்பாக்கியைப் பார்த்து அமைத்துக்கொண்ட பிடியும் விசையும்தான் இன்றுவரை தொடர்கின்றன. அதே நிறுவனம்தான் 1961இல் ஒயரையும் அறுத்துவிட்டது.

வாங்கப் போகிறவர்கள் நிறைய விசாரிக்கிறார்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை நியூட்டன் மீட்டர், பிரஷ் உள்ளதா இல்லாததா. தெருவுக்கு நாலு பொறியாளர்கள் இருக்கும் பகுதி இது. கேள்விகள் கூர்மையாகத்தான் இருக்கின்றன. ஆனால் சண்முகம் சாலை ஹார்டுவேர் கடையிலும் சரி, பாரிமுனை செம்புதாஸ் தெருவிலும் சரி, வாங்குபவர் தன் வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பொண்ணு பார்க்கப் போய் மாப்பிள்ளையை மட்டும் விசாரித்துவிட்டு வருவதுபோல.

வோல்ட் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்று போட்டிருக்கும், பக்கத்துப் பெட்டியில் 20 வோல்ட் மேக்ஸ் என்று இருக்கும். இரண்டுக்குள்ளும் இருப்பவை வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள். ஒரு செல்லின் இயல்பான அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்தால் பெருக்கினால் 18. முழுதாக சார்ஜ் ஏறிய கையோடு அளந்தால் ஒவ்வொன்றும் நாலைத் தொடும், பெருக்கினால் 20. சரக்கு ஒன்று, லேபிள் இரண்டு. இதே கணக்கில் 12 வோல்ட் என்பது மூன்று செல், உண்மையில் 10.8. ஆம்பியர் கணக்கு எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்லும், எவ்வளவு பலம் என்பதைச் சொல்லாது. மெஷின் கழுத்தில் வட்டமாக எண்கள் இருக்கும். திருகு போதுமான அளவு இறுகியதும் தானாகக் கழன்றுகொள்ளும் ஏற்பாடு அது. அலமாரிக் கீல், கட்டில், மாடுலர் கிச்சன் கதவு என்று வீட்டில் அடிக்கடி வரும் வேலைகளுக்கு அந்த எண் வளையம்தான் உதவும். அவற்றுக்கு 12 வோல்ட் தாராளம். எடையும் கம்மி, அம்மாவும் மனைவியும் மகளும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அப்பா மட்டும் தொடும் கருவியாக அது பரணில் கிடக்காது.

சிக்கல் சுத்தியல் படம் போட்ட குறியில்தான் தொடங்குகிறது. அந்தக் குறிக்குத் திருப்பினால் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து குத்தும் என்று நம்பி வாங்குகிறோம். உள்ளே இருப்பவை பல் வெட்டிய இரண்டு வட்டுகள். ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுற்றும்போது பல் ஏறிப் பல் இறங்கி பிட் முன்னும் பின்னும் நடுங்குகிறது. நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் என்று பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். எண்ணிக்கை உண்மைதான், ஆனால் ஒவ்வொரு தட்டும் அற்பம். நாம் தோள் கொடுத்து அழுத்தினால்தான் அதற்குக் கொஞ்சமாவது உயிர் வரும். ஏசி மாட்ட வருகிறவர் கொண்டுவரும் ரோட்டரி ஹாமர் வேறு ஜாதி. அதற்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு குண்டை எறிகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் அடிதான். ஆனால் ஒவ்வொன்றும் அடி. இருபதாயிரம் தட்டும் சேர்ந்து ஒரு அடிக்கு ஈடாகாத இடங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன.

எந்த இடம் என்பது சுவர் எப்போது கட்டியது என்பதைப் பொறுத்தது. மேற்குத் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அரசு ஊழியர்களும் ரயில்வேக்காரர்களும் ஓய்வுபெற்ற விமானப்படையினரும் கடன் வாங்கிக் கட்டிய தனி வீடுகளில் சூளைச் செங்கல். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை. பின்னால் அந்த வீடுகளை இடித்து, கீழே கார் நிறுத்தவும் மேலே குடியிருக்கவுமாக அடுக்குமாடி எழுந்தபோது தூணும் உத்திரமும் கான்கிரீட் ஆயின, இடையில் செங்கல் நிரப்பினார்கள். அப்புறம் ஃப்ளை ஆஷ் கல் வந்தது, ஹாலோ பிளாக் வந்தது, தண்ணீரில் போட்டால் மிதக்கிற ஏஏசி பிளாக் வந்தது. மேடவாக்கம் தாண்டி ஓஎம்ஆர் பக்கம் எழும் உயரக் கட்டடங்கள் பலவற்றில் அலுமினியப் பலகை அடைத்து, சுவரும் தளமும் ஒரே வார்ப்பாக கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். அங்கே வீட்டில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பாதித் தலைமுறைக்கு ஒரு தடவை மாறிய இத்தனை விதச் சுவர்களில் பலவும் இப்போது ஒரே மாநகராட்சிக்கு வரி கட்டுகின்றன.

துளையிலிருந்து விழும் தூள், சுவர் என்ன ரகம் என்று சொல்லிவிடும். சிவப்புத் தூள் என்றால் செங்கல். பேட்டரி டிரிலே போதும். வெள்ளையாக மாவுபோல் கொட்டினால் ஏஏசி. சுத்தியல் குறியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துளை கிண்ணமாகிவிடும். ஒரு அங்குலம் போராடிவிட்டு பிட் பொசுக்கென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக்கின் வெற்றுக்கூடு. சாம்பல் தூள் வந்து, பிட்டும் நகர மறுத்தால் கான்கிரீட். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

புது டிரில் வாங்கியவர் முதலில் மாட்ட நினைப்பது பெரும்பாலும் கர்ட்டன் ராடைத்தான். கர்ட்டன் ராடு ஜன்னலுக்கு மேலே வரும். ஜன்னலுக்கு மேலே லிண்டல் இருக்கும். முழுக்கச் செங்கல்லால் கட்டிய வீட்டிலும் லிண்டல் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். ஆக, ஒரு வீட்டில் கான்கிரீட் குறைவாக உள்ள சுவர்களை எல்லாம் விட்டுவிட்டு, சரியாக அது உள்ள பட்டையில் முதல் துளையைப் போட்டு, "மெஷின் சரியில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ரெண்டு சுற்றிலேயே நிறுத்திவிட்டுச் சொல்வார்: "லிண்டல்ல இடிக்குது சார். அரை அடி மேல ஏத்திக்கலாமா?" அந்த அரை அடி, எட்டாயிரம் ரூபாய் மெஷினும் தராத பலத்தைத் தரும்.

கான்கிரீட்டில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு கட்டத்தில் தூள் வருவது நின்றுபோகும். பிட் சுற்றும், சத்தம் கீச்சென்று ஏறும், நுனி சூடாகி நீலம் பாயும். "கம்பி சார்" என்பார்கள். சில நேரம் கம்பிதான். பல நேரம் ஜல்லி.

அந்த ஜல்லி எங்கிருந்து வந்தது என்று தெற்குப் புறநகரில் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடலாம். மின்சார ரயிலில் போகும்போது திரிசூலத்தில் தெரிகிற, பக்கம் பக்கமாக வெட்டுப்பட்ட குன்று. பல்லாவரம், பம்மல், திருநீர்மலை வட்டாரத்துக் குவாரிகள். கருங்கல், ப்ளூ மெட்டல் என்று லாரிக்காரர்கள் சொல்லும் இந்தப் பாறைக்கு உலகப் புவியியல் புத்தகங்களில் தனி இடம் இருக்கிறது. 1893இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இதற்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவை நிறுவியவராக ஆங்கிலேயர்கள் கொண்டாடிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை. கல் நம்முடையது, பெயர் அவருடையது. குறை சொல்லி என்ன செய்ய. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகியது. பரங்கிமலையில் உள்ள பாறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். அதன் சகோதரத் துண்டுகள் நம் வரவேற்பறைத் தூணுக்குள் சிமென்ட் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. நாம் மூன்று செல் பேட்டரியோடு அதன் முன்னால் போய் நிற்கிறோம்.

குன்றுகள் சுவருக்குள் போன பிறகு மிஞ்சியவை பள்ளங்கள். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிகளில் தேங்கியிருந்த நீரைச் சுத்திகரித்து சென்னைக்கு அனுப்பினார்கள். எங்கள் சுவரைக் கொடுத்த வட்டாரமே எங்கள் குடத்தையும் ஒரு கோடையில் நிரப்பியது.

இதே பல்லாவரத்தில்தான் கருவிகளின் கதையும் நமக்குத் தொடங்குகிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இங்கே படை அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி. இந்த மண்ணில் பழைய கற்கால மனிதர் இருந்தார் என்பதற்கு முதல் சான்று அது. அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது. பல்லாவரத்துக் கோடரியைப் பற்றி எனக்கு வியப்பு தருவது அதன் வயதைவிட அதன் கல். அது குவார்ட்சைட். சுற்றிலும் குன்றுகுன்றாகக் கருங்கல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, தட்டினால் கூர்விளிம்பாகப் பெயரும் கல்லைத் தேடி எடுத்திருக்கிறான் அந்தக் கற்கால மனிதன். எந்தக் கல் வசப்படும், எது வசப்படாது என்ற அறிவு அவனிடம் முதலில் வந்தது. கருவி அப்புறம்தான் வந்தது.

வசப்படாத கல்லையும் ஒருவர் விடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பல்லாவரக் குன்றில் ஒரு குடைவரையை வெட்டுவித்து, தன் பட்டப்பெயர்களை அதில் பொறித்து வைத்தான். இன்று அது தர்காவாக இருக்கிறது. தடித்த தூண்கள், பெரிய சிற்ப வேலைப்பாடு இல்லை. பின்னால் வந்த பல்லவச் சிற்பிகள் மாமல்லபுரத்தில் காட்டிய நெளிவெல்லாம் இங்கே கிடையாது. இரும்பு உளியும் சுத்தியலும் நாட்கணக்கும் கொண்டு இந்தப் பாறையிடம் எவ்வளவு கேட்கலாமோ அவ்வளவே கேட்டிருக்கிறார்கள். பெயரை வெட்டினார்கள், சுமார் பதினாலு நூற்றாண்டாக அது நிற்கிறது.

நம் காலத்து உதாரணம் ஒன்று நிலாவில் இருக்கிறது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் பேட்டரி டிரில் ஒன்றோடு இறங்கினார். நிலாவின் உள்வெப்பத்தை அளக்கும் கருவியை மூன்று மீட்டர் ஆழத்தில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த பொறியாளர்கள் செய்த மெஷின், பணத்துக்கும் பஞ்சமில்லை. ஏறக்குறைய பாதி ஆழத்தில் நின்றுவிட்டது. மேலே தூசு தூசாகத் தெரிந்த மண் உள்ளே எதிர்பார்த்ததற்கு மேல் இறுகிக் கிடந்தது. துளைக்கும் தண்டின் இணைப்புகளில் சுருள்வரி தொடராமல் விட்டிருந்ததால் தூள் மேலே ஏறி வெளியேற வழியில்லை. பலம் இருந்தது, மண்ணைப் பற்றிய கணிப்பில்தான் குறை. அடுத்த பயணத்துக்குத் தண்டைத் திருத்தினார்கள். நம் வீட்டிலும் பிட்டை நடுநடுவே வெளியே இழுத்துத் தூளை உதறினாலே பாதிப் பிரச்சினை தீர்கிறது. மெஷினை மாற்ற வேண்டியதில்லை.

சரி, துளை போட்டாயிற்று. போட்டு என்ன கண்டோம்? டிரில் நமக்குத் தருவது ஒரு வெற்றிடத்தை மட்டும்தான். அதில் எதையும் மாட்ட முடியாது. மாட்ட வேண்டுமானால் ராவல் பிளக் வேண்டும். முன்பு கொத்தனார் உளியால் சதுரமாகத் தோண்டி, மரக்கட்டை ஒன்றை வைத்து, சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போவார், மறுநாள்தான் ஆணி. பழைய வீடுகளில் தாத்தா படம் தொங்கும் இடத்தில் அந்தக் கட்டை இன்னும் இருக்கும். 1911இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாதனங்கள் பொருத்தும் வேலையை எடுத்த ஜான் ராலிங்ஸ், அந்தச் சுவர்களை அதிகம் காயப்படுத்தாமல் வேலையை முடிக்கச் சணல்நாரைப் பசையில் தோய்த்து ஒரு சிறு குழாய் செய்தார். அவர் பெயர்தான் நம் ஹார்டுவேர் கடைகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. 1958இல் ஜெர்மனியின் ஆர்டுர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார்.

பிளக்கின் வேலை எளிமையானது. திருகு உள்ளே நுழைய நுழைய அது விரிந்து, துளையின் சுவரை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. சுவர் நகர மறுத்துத் திருப்பித் தள்ளுகிறது. அந்த மறுப்பில் பிறக்கும் பிடிதான் அலமாரியைச் சுமக்கிறது. நைலானுக்கோ திருகுக்கோ சுமக்கும் சக்தி தனியாக ஒன்றும் இல்லை. இரண்டே நொடியில் வெண்ணெய்போல் துளை விழுந்த சுவரில் திருகு சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. எப்போதாவது ஒரு மதியம் அலமாரி பாத்திரங்களோடு கீழே வந்துவிடும். அரை மணி நேரம் மல்லுக்கட்டி, பிட் ஒன்றைத் தின்ற தூணில் மாட்டிய ஆர்.ஓ. பெட்டியோ வீட்டுக்காரர்கள் மாறினாலும் அசையாது. துளைக்கும்போது நம்மை எது எதிர்த்ததோ அதுவேதான் பிறகு நம் பாரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூடுதல் வோல்ட், கூடுதல் டார்க் என்று நாம் காசு கொடுத்துத் தேடுவது எதிர்ப்பே இல்லாத ஒரு துளையை. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அதில் மாட்ட எதுவும் மிஞ்சாது.

தென்மாவட்ட ரயில்களில் பெட்டியோடு வந்து விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஊர் அவர்களுக்கு வெண்ணெயாக இருக்கவில்லை. மனை வாங்கியபோது தெருவில் முழங்கால் சேறு, தண்ணீர் லாரிக்கு முறை, பீச் ஸ்டேஷன் வரை ரயிலில் நின்றுகொண்டே பயணம். ஊர் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தில் நினைத்திருப்பார்கள். இன்று அவர்களை அசைக்க முடியாது. பிள்ளைகள் சான் ஹோசேவுக்கும் சிட்னிக்கும் கூப்பிட்டாலும் மூன்று மாதம் இருந்துவிட்டு ஓடிவந்துவிடுகிறார்கள். சுலபமாக இடம் கொடுத்த ஊர்களில் அவர்களுக்குத் தங்கத் தோன்றவில்லை.

இதில் வாடகைக்காரர் நிலைமை தனி. சுவரோடு மோதிப் பார்க்கும் உரிமையே அவருக்கு இல்லை. "ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்பது வாடகை எவ்வளவு என்பதற்கு அடுத்த வாக்கியமாக வரும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன துளைகளுக்கு ஏற்ப அவர் கடிகாரமும் காலண்டரும் இடம்பிடிக்கும். காலி செய்யும்போது வெள்ளை சிமென்ட் குழைத்து அடைத்தாலும் அட்வான்ஸில் பெயிண்டிங் கணக்கு கழியும். ஒட்டும் கொக்கிகள் இங்கே இத்தனை விற்பது ஏன் என்று புரிகிறது. அவருக்கு நான் டிரிலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும்.

சொந்த வீட்டுக்காரர் முதல் மாதம் எல்லாச் சுவரையும் துளைப்பார். அப்புறம் மெஷினுக்கு வருடம் முழுக்க விடுமுறை. பேட்டரி டிரிலைப் பொறுத்தவரை வீட்டில் அது உழைத்துச் சாவதில்லை, சும்மா இருந்து சாகிறது. முழு சார்ஜோடு மே மாத வெயிலில் பரணில் கிடந்தாலும் கெடும், ஒட்டக் காலியாகி மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடும். பாதி சார்ஜில், கீழே, நிழலான அலமாரியில் வைக்க வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கருவிகள் பரப்பிய சாக்குகளைப் பார்த்தால் இது தெரியும். ஒயர் உள்ள பழைய டிரில்கள் பிளக்கைச் சொருகினால் இன்னும் உறுமுகின்றன. பேட்டரி டிரில்களோ உடம்பு புத்தம் புதிதாக, சார்ஜர் இல்லாமல், அந்தக் கம்பெனி அந்த பேட்டரியைச் செய்வதை நிறுத்திவிட்டதால் அநாதையாகக் கிடக்கின்றன. பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது மோட்டாரைவிட இதைக் கேளுங்கள்: இந்த பேட்டரி ஐந்து வருடம் கழித்தும் தனியாகக் கிடைக்குமா, அதே கம்பெனியின் வேறு மெஷினுக்குப் பொருந்துமா?

என் கணக்கு இதுதான். திருகு முடுக்க, மரம் துளைக்க, செங்கல்லில் அபூர்வமாக ஒரு துளை போட 12 வோல்ட் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும். செங்கல் சுவர் வேலை நிறைய இருந்தால் சுத்தியல் உள்ள 18 வோல்ட். கான்கிரீட் என்றால் பேட்டரியை மறந்துவிடலாம்; 600 வாட் ஒயர் ரோட்டரி ஹாமர் விலையும் குறைவு, சலிக்கவும் சலிக்காது. அதையும் பத்து வீட்டுக்கு ஒன்றாக அசோசியேஷன் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டால், ஞாயிறு மதியம் யார் வீட்டில் சத்தம் என்ற சண்டைக்கும் ஒரு முடிவு வரும். மிச்சமாகும் பணத்தில் நல்ல கார்பைடு முனை பிட்டுகள் வாங்கலாம். மலிவுப் பிட் மாட்டிய விலையுயர்ந்த மெஷின் சும்மா உருளும் சாமான். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் குழாய்க்கு நேர் மேலேயும் எந்த மெஷினாலும் துளைக்க வேண்டாம். ஒயரும் பைப்பும் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன.

முடிச்சூரில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற ஒருவர் போனமாதம் கூப்பிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது. அப்போது ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை. அடையாறு முடிச்சூர், வரதராஜபுரத்துத் தெருக்களில் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் பக்க வீடுகளில் பிளக் பாயின்ட், இன்வெர்ட்டர், புத்தக அலமாரி எல்லாம் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. அவரும் இப்போது இன்வெர்ட்டரைச் சுவரில் இரும்பு ஸ்டாண்ட் அடித்து மேலே ஏற்ற நினைக்கிறார்.

"ஏன் தம்பி, பன்னெண்டு போதுமா, பதினெட்டு வாங்கணுமா?"

"அண்ணே, தண்ணி வடிஞ்சப்புறம் அந்தச் சுவத்துல பழைய பூச்சைக் கொத்திட்டுப் பூசினீங்களா, மேலயே பெயிண்ட் அடிச்சீங்களா?"

யோசித்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டே விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டு போனார். மேலே கல்லென்று கேட்டது. கீழே வரவர பொத்துப் பொத்தென்றது. ஸ்டாண்ட் எந்த உயரத்தில் வரும் என்று கேட்டேன். பொத்தென்ற இடத்துக்குச் சற்று மேலே என்றார்.

முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், பூச்சை உடைத்துச் செங்கல்லைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், டிரிலை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். "கொத்தனாரா? அவன் நாளைக்கு வரேம்பான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.